நாற்பத்தொரு நீலக் கோடுகள்

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்து, பரவாயில்லை, எழுபத்தெட்டு வயதிலும் மூளை மழுங்கவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

"தங்கள் தம்பி எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்தது உண்மை. ஆனால் தாங்கள் அனுப்பிய சான்றில் உள்ள ராணுவ வீரர் படையில் சேர்ந்த பிறகும் நாற்பத்தொரு வேலை நாள்கள் தங்கள் தம்பி வகுப்புக்கு வந்திருப்பதை வருகைப் பதிவேடு காட்டுகிறது. பிறந்த தேதியும் இரண்டு ஆண்டுகள் வேறுபடுகிறது. எனவே இருவரும் ஒருவரல்லர். கல்வெட்டில் பெயரைச் சேர்க்க இயலாமைக்கு வருந்துகிறோம்."

போரில் செத்துப்போனது உன் தம்பியே இல்லை என்று ஓர் அக்காவுக்கு நான்கு வரியில் நிரூபித்து, தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ரசத்தைச் சூடுபண்ணிச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

நான் கணக்கு வாத்தியார். இந்தப் பள்ளிக்கூடத்தில் இளைஞனாக நுழைந்து, நடுவில் இரண்டு வருடம் மட்டும் வேறொரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போய்த் திரும்பி வந்து, இங்கேயே ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றும் இருபது வருடமாக விட்டபாடில்லை. வீட்டில் யாரும் கிடையாது. மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு ரேடியோ. பேச ஆள் வேண்டும் என்றால் தண்ணீர் கேன் போடுகிறவன் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் பள்ளிக்கு நூறு வயதாகப்போகிறது, வரலாறு எழுத ஆள் வேண்டும் என்றதும் நான் கையைத் தூக்கினேன். மண்டபத்து மேடைக்குப் பின்னால் உள்ள பதிவேட்டு அறையின் சாவி மூன்று வருடமாக என் இடுப்பில்தான் இருக்கிறது.

மண்டபத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இரண்டாவது போரின்போது அது ஆஸ்பத்திரியாக இருந்தது. இரும்புக் கட்டில்களின் கால்கள் அழுத்திய குழிகள் தரையில் இன்னும் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகள் அதில் கோலி உருட்டுவார்கள். அதற்கும் முன்னால், பள்ளி தொடங்கிய கொஞ்ச வருடத்தில் ஒரு போர் வந்தது. இங்கே படித்து வெளியேறிய முதல் செட்டில் மூன்று பேர் அதிலிருந்து திரும்பவில்லை. அப்போதிருந்த தலைமை ஆசிரியர் மகா பிடிவாதக்காரர். மாலையும் வேண்டாம், சொற்பொழிவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதிதாக ஒரு வருகைப் பதிவேடு வாங்கினார். மூன்று பேரின் பெயரையும் அவரவர் வகுப்பு எண்ணோடு அதில் எழுதினார். ஆண்டுவிழாக் காலையில் பள்ளி முழுக்க மண்டபத்தில் நிற்கும்போது எண்ணையும் பெயரையும் கூப்பிட்டார். இப்போது அதே வகுப்பில் அதே எண்ணில் படிக்கிற பிள்ளை "உள்ளேன் ஐயா" என்று பதில் சொல்ல வேண்டும். அவர் ஒரு கோடு போட்டுக்கொள்வார்.

அவ்வளவுதான் சடங்கு. மூன்று பேர் பதினேழு பேர் ஆகிவிட்டார்கள். ஒரே வருடத்தில் போன அண்ணன் தம்பி உண்டு. சண்டையையே பார்க்காமல் பயிற்சியில் ஆற்றோடு போனவன் உண்டு. ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்துப் பள்ளியின் மூத்த ஆசிரியர்தான் கூப்பிட வேண்டும் என்பது மரபு. ஒன்பது வருடமாக அது நான். நூற்றாண்டுக்கு எல்லாப் பெயரையும் கல்லில் வெட்டலாம், விட்டுப்போனவர்கள் இருந்தால் குடும்பத்தார் எழுதலாம் என்று அறிவித்தோம். ஆறு கடிதம் வந்தது. நான் பதிவேட்டைப் பார்த்து ஆறையும் தள்ளினேன். அதில் ஒன்றுதான் இது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா நேரிலேயே வந்து நின்றார். அகன்ற தோள், ஒட்ட வெட்டிய நரைமுடி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. என் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தார்.

"நீங்கதானே இதை எழுதினது?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"உட்கார வரல. அந்தப் பதிவேட்டை நான் பாக்கலாமா?"

எனக்கு உள்ளுக்குள் குஷி. கேட்டு வருகிறவர்கள் யார்? எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். பழுப்பு அட்டை, அதில் வகுப்பாசிரியர் என்று என் பெயர். வந்தவனுக்கு நீலக் கோடு, வராதவனுக்குச் சிவப்புச் சுழி, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கடைசிப் பக்கத்தில் ஆய்வாளர் பச்சை மையில் "பிழையற்ற பதிவேடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"எங்கப்பாவும் இதைத்தான் பாத்தாரு" என்றார்.

"எப்போ?"

"தம்பி வீட்டை விட்டுப் போன மூணாம் நாளு. அப்பாவுக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை. கோவிச்சுக்கிட்டு எவன் வீட்டுலயோ தங்கியிருக்கான்னு நெனச்சோம். அப்பா நேரா இங்க ஆபீசுக்கு வந்து கேட்டாரு. அங்க இருந்த கிளார்க்கு இதைத் தொறந்து காட்டி, 'தெனமும் வர்றானே, எதுக்குக் கவலைப்படுறீங்க'ன்னாரு. அப்பாவுக்கு அப்பதான் உயிர் வந்துச்சு."

நான் பச்சை மைப் பக்கத்தை மூடினேன்.

"வகுப்பு வாசல்ல போய் நின்னு பாத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. அவரு ரோஷக்காரர். 'பள்ளிக்கூடம் போறான்ல, வயிறு காஞ்சா தானா வருவான்'னுட்டாரு. ஏழு வாரம் சார். வாரா வாரம் வந்து ஆபீசுல கேட்டுட்டு, வீட்டுக்கு வந்து 'வர்றானாம்'னு சொல்லுவாரு. நானும் போய்ப் பாக்கல. எனக்கும் அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு."

பையிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்தார். தொளதொளவென்று ராணுவச் சட்டை. மீசை அரும்பாத முகம்.

"அவனுக்குப் பதினாறு. வயசைக் கூட்டிச் சொல்லிச் சேந்துட்டான். அதான் உங்க தேதி ஒத்துப்போகல. மூணாம் நாளே தெரிஞ்சிருந்தா அப்பா போய்க் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பாரு. சின்னப் பையன்னு தெரிஞ்சா அவங்களே அனுப்பியிருப்பாங்க. அவன் லெட்டர் வந்தப்ப எல்லையில இருந்தான். அடுத்த லெட்டர் அவன் எழுதினது இல்ல."

"அம்மா, பதிவேட்டுல..."

"சார், அவன் ஆறடி." முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "வகுப்புலேயே நெட்டை. நெட்டைன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. கடைசி பெஞ்சுல அவ்வளவு பெரிய இடம் காலியா கெடந்தது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

நான் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"நான் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஒரு நாளும் டிக்கெட்டை நம்பி விசில் அடிச்சதில்ல. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் தலையைப் பாத்து எண்ணுவேன். லூசுன்னு டிரைவருங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்னு விட்டேன்." படத்தைப் பையில் வைத்தார். "அப்பா இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு. போன வருஷம் அவரும் போயிட்டாரு. எனக்கு அறுபத்தாறு. எனக்கு அப்புறம் அவனுக்காகக் கேக்க ஆளே இல்ல. அவன் பேரு அந்தக் கல்லுல வரணும்."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். இதைவிடக் கேவலமான பதிலை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

அவர் போன பிறகு பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அந்த வருடம் எனக்கு நினைவிருக்கிறது. நினைவில்லாமல் எப்படிப் போகும்? பள்ளி திறந்த இரண்டாவது வாரம் என் மனைவி இறந்தாள். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை, மூன்றே நாள் காய்ச்சல். பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். வகுப்பில் நுழைந்ததும் ஐம்பத்திரண்டு ஜோடிக் கண்கள் ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தன. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். எண்ணைக் கூப்பிடுவேன், குரல் வரும், கோடு போடுவேன். கரும்பலகையைப் பார்த்துக் கணக்குப் போடுவேன், மேசையைப் பார்த்துத் திருத்துவேன். அரையாண்டுவரை ஒரு பிள்ளையின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பிறகு மாற்றல் வாங்கி ஓடிவிட்டேன். அதனால் நெட்டை செத்த செய்தியும் என் காதுக்கு வரவில்லை. அந்த வருடத்துப் பதிவேட்டுக்குத்தான் பச்சை மை கிடைத்தது.

இருபத்தேழாம் எண் அவன். நாற்பத்தொரு கோடும் நேர்கோடாக, ஒரே சாய்வில் இருந்தன. நாற்பத்திரண்டாம் நாள் சிவப்புச் சுழி. அதற்குப் பிறகு சுழியாகவே போய், 'நெடுநாள் வரவில்லை, பெயர் நீக்கம்' என்று என் கையெழுத்திலேயே முடிகிறது. அந்த நாற்பத்திரண்டாம் நாள்மேல் விரலை வைத்தபடி நேர் கீழே பார்த்தேன். இருபத்தெட்டாம் எண்ணும் அன்றைக்குச் சுழி. அந்த வருடத்தில் இருபத்தெட்டு பள்ளிக்கு வராமல் போனது அந்த ஒரு நாளிலிருந்து நான்கு நாள் மட்டும்தான்.

இருபத்தெட்டைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. அவன் எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். குட்டை என்றால்தான் தெரியும். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. நான் போனபோது சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பதிவேட்டை ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவன் எட்டிப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"நான்தான் சார் அவனுக்குக் குரல் குடுத்தேன்" என்றான். நான் இன்னும் எதையும் கேட்கவில்லை.

"நாப்பத்தோரு நாளுமா?"

"ட்ரெயினிங் முடியற வரைக்கும் தாக்குப்பிடிடா, அப்புறம் எங்கப்பாவால ஒண்ணும் பண்ண முடியாதுன்னான். கூட்டாளி கேக்கறப்ப மாட்டேன்னு எப்படிச் சொல்றது? மொத நாள் பயந்து செத்தேன் சார். நீங்க தலையைத் தூக்கப் போறீங்க, தோலை உரிக்கப் போறீங்கன்னு. தூக்கல. மறுநாளும் தூக்கல." குழாயைத் திறந்து மூடினான். "குரலைக்கூட நான் மாத்தல சார். ஒரே குரல்ல ரெண்டு தடவை சொன்னேன். நடுவுல ஒரு நாளாவது நீங்க நிமிந்து பாக்க மாட்டீங்களான்னு இருந்துச்சு. அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு."

"ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?"

"உங்க பேரு கெட்டுடும்னு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "இல்ல சார், அது பொய். மொதல்ல அடிக்குப் பயம். அவன் செத்த சேதி வந்ததும் அவங்கப்பாவுக்குப் பயம். இங்க சேந்ததும் வேலைக்குப் பயம்."

அவனை அறைய வேண்டும் போல் வந்தது. அடுத்த நொடி, அந்த அறை யாருக்குச் சேர வேண்டியது என்பதும் தெரிந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் ரேடியோவைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து நான்கு வருடமாக என் துக்கம் என்னை மட்டும்தான் தின்றது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். நல்ல பெண்மணி, காரியக்காரி. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சார், புத்தகம் அச்சுக்குப் போயாச்சு. மூணாவது அத்தியாயமே உங்க பதிவேட்டைப் பத்தித்தான். இப்ப நீங்களே வந்து அதுல நாப்பத்தோரு கோடு பொய்னு சொன்னா, மத்ததெல்லாம்?"

"மத்தது எனக்கும் தெரியாதும்மா."

கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். அனுதாப அடிப்படையில குழு அந்தப் பேரைச் சேத்துக்கட்டும். பதிவேட்டைத் தொட வேண்டாம், எதையும் கிளற வேண்டாம். அந்த அம்மாவுக்குக் கேட்டது கிடைச்சுடும். உங்களுக்கும் இந்த வயசுல தலைகுனிவு இருக்காது."

தலைகுனிவு! அதில் நான் கைதேர்ந்தவன் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே ஆபீஸ் தொலைபேசியில் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, நல்ல சேதி என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"அனுதாபம் வேண்டாம் சார்" என்றார். "அந்த நாப்பத்தோரு நாளு அவன் உங்க வகுப்புல இல்ல. அதை ஒருத்தராவது எழுதணும். எங்கப்பா ஏமாளி இல்ல, அவருக்குப் பொய் சொல்லியிருக்காங்கன்னு ஒருத்தராவது எழுதணும். அதை எழுதிட்டு அவன் பேரை வெட்டுங்க. முடியாதுன்னா விட்டுடுங்க, கல்லும் வேண்டாம்."

பதிவேட்டைத் திருத்த ஒரு விதி உண்டு. அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. பழைய குறியை அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் சரியானதை எழுதி, திருத்தியவர் ஒவ்வொன்றுக்கும் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். என் உத்தியோக காலம் முழுக்க நான் ஒருமுறையும் போடாதது அந்த ஒப்பம்தான். பிழை இருந்தால்தானே திருத்தம்? தலைமை ஆசிரியையிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன். அவர் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அச்சகத்தில் வேலையை நிறுத்தி, மூன்றாவது அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன்.

காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். குட்டை எதிரே ஒரு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான், நான் கூப்பிடவில்லை. ஒரு கோட்டை அடித்தேன், சுழி போட்டேன், ஒப்பமிட்டேன், தேதி எழுதினேன். மையை ஊதிக் காயவைத்துவிட்டு அடுத்த கோடு. ஒவ்வொரு நாளுக்கும் தேதியை வாய்விட்டுச் சொன்னேன். சில தேதிகளுக்குக் குட்டைக்கு ஏதோ நினைவு வந்தது. "அன்னிக்கு நல்ல மழை சார்." "அன்னிக்கு நீங்க வட்டம் ஆரம்பிச்சீங்க." அந்த வரிசையில் மூன்றாம் நாளும் வந்தது. அன்றைக்குத்தான் அந்த அப்பா முதல்முதலாக ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நான் இருபது அடி தள்ளி, வகுப்பில், மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒப்பம் கோணலாகத்தான் விழுந்தது. நாற்பத்தொன்றும் முடிந்ததும் அடியில் எழுதினேன்: 'மேற்கண்ட நாள்களில் மாணவர் பள்ளியில் இல்லை. நான் நிமிர்ந்து பார்க்காமல் குறித்தேன். தந்தை வந்து விசாரித்தபோது பள்ளி தவறான தகவல் தந்தது.' குட்டையும் கீழே 'அவனுக்காகக் குரல் கொடுத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கேட்காமலேயே போட்டான்.

கல்லில் பதினெட்டாவது பெயர் ஏறியது. ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் அந்த அம்மா பதிவேட்டைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு ஒப்பத்தையும் விரலால் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று வந்ததும் மூடினார்.

"நாளைக்குக் கூப்பிடறப்ப யாரோ ஒரு புள்ளை பதில் சொல்லுமாமே?"

"ஆமாம்மா. பத்தாம் வகுப்பு ஆ, இருபத்தேழு. இப்ப ஒரு பொண்ணு இருக்கா."

"அவனுக்காக யாரும் குரல் குடுக்க வேண்டாம் சார்" என்றார். "ஒரு தடவை குடுத்தது போதும்."

தொண்ணூற்றுச் சொச்ச வருட மரபு அது. குழுவைக் கேட்க வேண்டும், தலைமை ஆசிரியையைக் கேட்க வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் அந்தக் கட்டில் குழிகள்மேல் வரிசையாக நின்றார்கள். நான் மேடையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கூப்பிட்டேன். பதினேழு முறை "உள்ளேன் ஐயா" கேட்டது. கீச்சுக்குரல், உடைந்த குரல், சிரிப்பை அடக்கிய குரல். பதினேழு கோடு போட்டேன். பழக்கதோஷம், அப்போதும் தலை குனிந்துதான் இருந்தது.

"பத்தாம் வகுப்பு ஆ. இருபத்தேழு." பெயரையும் சொன்னேன்.

பதில் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்தப் பெண்ணுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள் என்று பிறகு சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ இருமினார்கள். நீலப் பேனா என் கையில் இருந்தது. கோடு போடு, மேலே போ என்று கை தானாகவே இழுத்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அறுநூறு பேர், நான் அவசரப்படவில்லை. கதவோரம் குட்டை வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். கடைசி வரிசையில் அந்த அக்கா நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தை, அங்கே நின்றிருந்தால் அவன் தலை எங்கே வரும் என்று கணக்குப் போட்டு, அந்த உயரத்தில் பார்த்தேன். யாரும் இல்லை.

சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழி போட்டேன்.

"இருபத்தேழு வரவில்லை" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

கடைசி வரிசையில் அந்த அக்கா ஆமாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார்.